ஆறப் பொறுத்தலின் அறிவியல்: மொலாசஸ் குக்கியின் மென்மை குறித்த ஓர் ஆய்வு

இயல் 1: முன்னுரை

“ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை” என்பது பழமொழி. தலைமுறை தலைமுறையாகப் பந்தியில் சொல்லப்பட்டுவரும் இக்கூற்றை யாரும் ஆய்வுக்கூடத்தில் ஏற்றிச் சோதித்தபாடில்லை. சோற்றையும் குழம்பையும் வைத்துச் சோதிக்கலாம்தான். ஆனால் அங்கே பசி குறுக்கே வந்து தரவைக் கெடுத்துவிடும். பொறுமை இல்லாமல் தின்றாரா, பசி தாங்காமல் தின்றாரா என்று பிரித்தறிய வழியில்லை. பசி இல்லாதபோதும் கை தானாக நீளுகிற பண்டமாக இருக்க வேண்டும். ஆறுவதற்குச் சில நிமிடம்தான் கேட்க வேண்டும். ஆறுமுன் எடுத்தால் கையோடு உடைந்து எடுத்தவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு சுடப்படும் மென்மையான மொலாசஸ் குக்கி இம்மூன்று தகுதிகளையும் ஒருங்கே பெற்றிருப்பதால் அதுவே இவ்வாய்வின் முதன்மைத் தரவாகக் கொள்ளப்பட்டது. தேர்வுக்கு வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை என்று ஆய்வாளர் உறுதிமொழி அளிக்கிறார்.

ஆய்வுக் களம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புறநகர் வீடொன்றின் சமையலறை. நெறியாளர், ஆய்வாளரின் மனைவி. அடுப்படி அவருடைய ஆட்சி எல்லைக்கு உட்பட்டது என்பதால் இந்நியமனம் தவிர்க்க இயலாததாயிற்று. ஆய்வு உதவியாளர், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். ஊதியம் பண்டமாகவே வழங்கப்பட்டது. புறத்தேர்வாளர், விசிட்டர் விசாவில் மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார். நிதிநல்கை எந்த அமைப்பிடமிருந்தும் பெறப்படவில்லை. கோரப்படவும் இல்லை.

கருதுகோள்கள் மூன்று. ஒன்று, குக்கியின் மென்மை போடுகிற சாமானால் மட்டும் வருவதன்று, நிறுத்துகிற நேரத்தால் வருவது. இரண்டு, சூட்டோடு பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரின் தீர்ப்பு நிலைக்காது. மூன்று, சுட்ட அன்றைவிட மறுநாளே இப்பண்டம் தன் உச்சத்தை எட்டுகிறது. மூன்றாவதை மெய்ப்பிக்க மறுநாள்வரை ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்னும் நடைமுறைச் சிக்கல் பின்னர் விரிவாக எடுத்துரைக்கப்படும்.

ஆய்வு எல்லை: மென்மையான குக்கி மட்டும். சாக்லேட் சிப் குக்கி, ஏற்கெனவே அளவுக்கு மீறி ஆராயப்பட்டு நெறியாளரால் தடைசெய்யப்பட்ட துறை என்பதால் விலக்கப்பட்டது.

இயல் 2: முன்னாய்வுகள்

இத்துறையின் மூத்த நூலாசிரியராக அமீலியா சிம்மன்ஸைக் கொள்ளலாம். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் அவருடையது. கனெடிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1796இல் வெளிவந்தது. முகப்பில் தம்மை ‘ஓர் அமெரிக்க அநாதை’ என்று அறிமுகப்படுத்திக்கொண்ட அந்த அம்மையார், மொலாசஸ் ஊற்றிய இஞ்சிப் பண்டத்துக்குச் செய்முறை தந்திருக்கிறார். அதில் புளிப்போடு வினைபுரிந்து மாவை எழுப்பும் பொருள், விறகுச் சாம்பலிலிருந்து எடுத்த பேர்ல்ஆஷ் என்னும் உப்பு. மாவைப் பொங்கவைக்க ஈஸ்ட்டை நம்பி மணிக்கணக்கில் காத்திருந்த உலகில், சாம்பல் உப்பைப் போட்டு உடனே அடுப்பேற்றும் வழியை அச்சில் ஏற்றிய பெருமை அந்நூலைச் சேரும். ஆக்கப் பொறுக்கும் நேரத்தையே குறைத்துவிட்ட முதல் புலவர் என்று அவரைப் போற்றலாம். ஆறப் பொறுப்பதைப் பற்றி அவரும் விரிவாகப் பேசவில்லை.

சாம்பல் உப்பின் இடத்தைப் பின்னர் பேக்கிங் சோடா பிடித்துக்கொண்டது. ஆஸ்டின் சர்ச்சும் ஜான் ட்வைட்டும் 1846இல் அமெரிக்காவில் அதை வணிகமாகத் தொடங்கினார்கள். இன்றைக்கு அமெரிக்கக் குளிர்பெட்டிகளில் வாடை போக்க வைக்கப்பட்டிருக்கும் ஆரஞ்சு நிறப் பெட்டி அந்த மரபின் வாரிசு. எங்கள் களத்திலும் அப்பெட்டி உண்டு. வாடைக்கு வைத்ததை மாவில் போடக் கூடாது என்பது நெறியாளரின் நிலையாணை.

அடுத்துக் குறிப்பிட வேண்டியது, மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள மார்பிள்ஹெட் என்னும் மீனவர் ஊரின் மரபு. அங்கே ‘ஜோ ஃபிராகர்’ என்று பெரிய மொலாசஸ் குக்கி ஒன்று வழங்குகிறது. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த ஜோசப் பிரவுன் என்ற கறுப்பினத்தவரும் அவர் மனைவி லுக்ரீஷியாவும் நடத்திய விடுதியிலிருந்து வந்தது என்று ஊர் மரபு சொல்கிறது. மொலாசஸோடு ரம்மும் உப்புநீரும் சேரும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் பீப்பாயில் அடுக்கிக் கொண்டுபோவார்களாம், நெடுநாள் கெடாது என்பதால். நம் ஆய்வுக்கு இது முக்கியமான சான்று. நடுக்கடலில் இருக்கிறவனுக்கு வேறு வழியில்லை. ஆறியதைத்தான் தின்ன வேண்டும், பழசைத்தான் தின்ன வேண்டும். அப்படியும் அந்தப் பண்டம் இத்தனை தலைமுறை நிலைத்திருக்கிறது என்றால் மூன்றாம் கருதுகோளுக்கு அடிப்படை இருக்கிறது.

இத்துறை இரு பள்ளிகளாகப் பிரிந்து கிடக்கிறது. மென்மைவாதிகள் ஒருபுறம், மொறுமொறுவாதிகள் மறுபுறம். பின்னவர்களின் வழிபடுபொருள் ஜிஞ்சர் ஸ்னாப். சாமான் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதே மைதா, அதே மொலாசஸ், அதே சுக்கு. மெல்லியதாகத் தட்டி, ஈரம் போகும்வரை சுட்டால் அது ஸ்னாப். பருமனாக உருட்டி, ஈரம் போகுமுன் எடுத்தால் இது குக்கி. ஆக, இரு பள்ளிக்கும் இடையிலான பிளவு கொள்கையளவிலானதன்று. சில நிமிடங்களால் ஆனது. பல மடங்களுக்கு இடையிலான பிளவும் இப்படித்தான் என்று ஒப்பிட்டுப் பேச ஆய்வாளருக்கு ஆசைதான். எல்லை கருதித் தவிர்க்கப்படுகிறது.

இயல் 3: மூலப்பொருளின் வரலாறு

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரைப் படிகத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கரிய பாகுதான் மொலாசஸ். முதற்காய்ச்சலில் கிடைப்பது இளநிறம், இனிப்பு மிகுதி. இரண்டாம் காய்ச்சலில் கிடைப்பது கருநிறம், இலேசான கசப்பு. மூன்றாம் காய்ச்சலில் கிடைப்பது பிளாக்ஸ்ட்ராப். சர்க்கரையைப் பிழிய முடிந்த மட்டும் பிழிந்தபின் மிஞ்சிய அதில் இரும்பும் கால்சியமும் கசப்பும் கூடுதல். உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படும் பொருள்களுக்கே உரிய சுவை. குக்கிக்கு முதலிரண்டுமே ஏற்றவை.

தமிழ்நாட்டில் இத்தனை சர்க்கரை ஆலைகள் இருந்தும் மொலாசஸ் அடுப்படிக்கு வராததன் காரணம் எளிது. ஆலையை விட்டு வெளியே வரும் அந்தப் பாகு பெரும்பாலும் எரிசாராய ஆலைக்குப் போகிறது. அரசின் பார்வையில் அது மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை கண்காணிக்கும் பொருள். மளிகைக் கடைக்காரரிடம் போய் அரை லிட்டர் கேட்டால், எதற்கு என்ற கேள்வி வேறு தொனியில் வரும்.

அமெரிக்காவில் கதை வேறு. குடியேற்றக் காலத்தில் வெள்ளைச் சர்க்கரை விலை உயர்ந்த பண்டம். மொலாசஸ் மலிவு. ஏழை எளியோர் இனிப்புக்கு அதையே நம்பினார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கிய அதை நியூ இங்கிலாந்தின் வடிசாலைகள் ரம்மாக்கின. அந்த ரம்மின் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மனிதர்களை விலைக்கு வாங்கியது. வாங்கப்பட்டவர்கள் அதே கரும்புத் தோட்டங்களில் கொண்டுபோய்த் தள்ளப்பட்டார்கள். மாசசூசெட்ஸின் ஒரு கரண்டி மொலாசஸுக்குள் இவ்வளவும் இருந்தது. இதில் ஆய்வு நகைச்சுவைக்கு இடமில்லை.

மொலாசஸுக்கு வரி விதிக்கப்போய் ஒரு பேரரசே வாங்கிக் கட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1733இல் மொலாசஸ் சட்டம் இயற்றி, பிரிட்டனுக்கு உட்படாத தீவுகளிலிருந்து வரும் மொலாசஸுக்கு காலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டது. குடியேறிகள் வரி கட்டுவதற்குப் பதில் கடத்தலைக் கற்றுக்கொண்டார்கள். 1764இல் வரியைப் பாதியாக, 3 பென்ஸாகக் குறைத்து, ஆனால் கறாராக வசூலிக்கப்போவதாக அறிவித்தார்கள். வசூலிக்காத 6 பென்ஸுக்கு வாய் மூடியிருந்த ஊர், வசூலிக்கும் 3 பென்ஸுக்குக் கொதித்தெழுந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்ட ஜான் ஆடம்ஸ் 1818இல் எழுதிய கடிதமொன்றில், அமெரிக்க விடுதலைக்கு இன்றியமையாத பொருள்களில் மொலாசஸும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ள வெட்கப்படத் தேவையில்லை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு குக்கியின் மூலப்பொருளுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

மொலாசஸின் இயல்பை உலகுக்கு உணர்த்திய துயரச் சம்பவம் ஒன்றையும் பதிவுசெய்தாக வேண்டும். மந்தமானவர்களை ‘ஜனவரி மாத மொலாசஸ்’ என்று சொல்வது அமெரிக்க வழக்கு. 1919 ஜனவரி 15 அன்று நண்பகலுக்குச் சற்றுப் பின், பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதியில் 50 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்துச் சிதறி, ஏறக்குறைய 23 லட்சம் காலன் மொலாசஸ் தெருவில் பாய்ந்தது. அலை 25 அடி உயரம் எழுந்ததாக மதிப்பிடுகிறார்கள். 21 பேர் இறந்தார்கள். சுமார் 150 பேர் காயமடைந்தார்கள். வெடிகுண்டு வைத்துவிட்டார்கள் என்று தொட்டியின் உரிமையாளர் தரப்பு வாதாடியது. ஆண்டுக்கணக்கில் நடந்த விசாரணைக்குப் பின் 1925இல், தொட்டியின் கட்டுமானக் குறையே காரணம் என்று முடிவாயிற்று. கட்டிய நாளிலிருந்தே அது ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகல் கண்ணில் படாதிருக்கப் பழுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள்.

வெப்பமான நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புதுச் சரக்கு வெளிக்காற்றைவிடச் சூடாகத் தொட்டிக்குள் இருந்ததால் பாகு வேகமாக ஓடியது என்றும், தெருவின் குளிர் பட்டதும் இறுகி, சிக்கியவர்களை விடாமல் பிடித்துக்கொண்டது என்றும் பிற்கால ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சூட்டில் ஓடும், ஆறினால் பிடிக்கும். இந்த இயல்பே அளவில் சுருங்கி ஒரு குக்கிக்குள்ளும் இயங்குகிறது என்பதை அடுத்த இயல்கள் காட்டும்.

இயல் 4: ஆய்வுப் பொருட்கள்

வெண்ணெய் 170 கிராம். பழுப்புச் சர்க்கரை 200 கிராம். மொலாசஸ் கால் கப், எடையில் 85 கிராம் அளவு. முட்டை 1. மைதா 280 கிராம். பேக்கிங் சோடா 2 தேக்கரண்டி. சுக்குத்தூள் 2 தேக்கரண்டி. பட்டைத்தூள் 1 தேக்கரண்டி. கிராம்புத்தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. மேலே புரட்ட, பெரிய மணியாக உள்ள சர்க்கரை கொஞ்சம்.

பழுப்புச் சர்க்கரை என்பது வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸைக் கலந்ததுதான். முதலில் பிரித்தெடுத்துப் பின்னர் திருப்பிச் சேர்த்து, அதற்குத் தனி விலையும் வைத்த தொழில்நுட்பம் தனி ஆய்வுக்கு உரியது. நமக்கு வேண்டியது அதன் ஈரம். மொலாசஸில் சாதாரணச் சர்க்கரையோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டு. ஃபிரக்டோஸ் நீரை விட்டுக்கொடுக்காது. சுட்ட பின்னும் உள்ளிருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் இருந்தால் அதையும் இழுக்கும். வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்ட குக்கி நாளாக நாளாக விறைத்துப் போக, இது நெகிழ்ந்தே கிடப்பதன் இரகசியம் இதுதான்.

மொலாசஸ் இலேசான புளிப்புத் தன்மை கொண்டது. அந்தப் புளிப்பும் சோடாவும் ஈரத்தில் சந்தித்ததும் கரியமில வாயு கிளம்பி மாவை எழுப்புகிறது. சோடாவில் மீதம் இருப்பது மாவைக் காரத்தன்மைக்குத் தள்ளுவதால் நிறம் விரைவாகக் கறுக்கிறது. பசைப்பிடிப்பு தளர்ந்து குக்கி பரவுகிறது. அளவு மீறினால் சவுக்கார வாசனை வரும். இவ்விடத்தில் கைக்கணக்கு செல்லாது. கண்ணளவில் பல்லாண்டு சாம்பார் வைத்துவரும் நெறியாளரே சோடாவுக்கு மட்டும் தேக்கரண்டியை வழித்துச் சமப்படுத்துகிறார்.

சுக்கு ஏன், இஞ்சி ஏன் கூடாது என்ற வினா ஆய்வுக் குழுவில் எழுந்தது. இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். அது காயும்போது நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. இது இன்னும் காட்டமானது. பச்சை இஞ்சி நாக்கில் சுடும். சுக்கு தொண்டையில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துப் பேசும். மொலாசஸின் அடர்த்தியான இனிப்பைத் தாண்டிக் குரல் கேட்க வேண்டுமானால் சுக்குத்தான் வேண்டும். தவிர, பச்சை இஞ்சியின் சாறு மாவின் ஈரக்கணக்கையும் குழப்பும். கிராம்பு அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் யூஜினால் மேலோங்கி, தின்பவருக்குப் பல் மருத்துவர் நினைவுக்கு வருவார்.

இயல் 5: செய்முறை

முதற்சிக்கல் அளப்பதில். குளிர்காலத்தில் போத்தலைக் கவிழ்த்தால் மொலாசஸ் கழுத்துவரை வந்து யோசிக்கும். பிறகு ஒரு தடித்த கறுப்பு நாடாவாக இறங்கி, கோப்பையின் அடியில் மடிந்து மடிந்து அடுக்கிக்கொண்டு, மெல்லத் தன் மடிப்பைத் தானே விழுங்கிச் சமமாகும். பார்க்க அழகு. ஆனால் கோப்பையிலிருந்து மாவுக்கு மாற்றும்போது பாதி கோப்பையிலேயே தங்கிவிடும். போத்தலைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்திவைப்பதும், கோப்பையில் முன்கூட்டியே எண்ணெய் தடவிவைப்பதும் தீர்வு. எண்ணெய் பட்ட கோப்பையிலிருந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வழுக்கி விழும். விழாத சொட்டுகள் மேடை, கைப்பிடி, இழுப்பறை, ஆய்வு உதவியாளரின் முழங்கை ஆகிய இடங்களில் கண்டெடுக்கப்பட்டன.

வெண்ணெய் விரல் வைத்தால் பதியும் பதத்தில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது மணிகள் வெண்ணெயைக் கீறி உள்ளே காற்றை அடைத்துவைக்கின்றன. பிறகு முட்டை, மொலாசஸ். இந்தக் கட்டத்தில் கலவை திரிந்ததுபோல் தோன்றும். கலங்கத் தேவையில்லை. மைதா விழுந்ததும் கூடிவிடும். உலர்ந்த சாமான்களைத் தனியே கலந்து கொட்டி, வெள்ளை மறையும்வரை மட்டும் கிளற வேண்டும். அதற்குமேல் கிளறினால் மைதாவின் பசை முறுக்கேறி, மென்மைவாதியின் குக்கி மொறுமொறுவாதிக்கும் ஆகாத மூன்றாவது இனமாகிவிடும்.

மாவை மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது. வெண்ணெய் இறுகி, மைதா ஈரத்தை உறிஞ்சி, மசாலா ஊறும். குளிராத மாவு ஓவனில் நுழைந்ததும் வெண்ணெய் உருகி ஓடி, தட்டை வடிவம் எடுத்துவிடும். ஆறப் பொறுத்தலின் முதல் தவணை இது. ஆய்வு உதவியாளர் இந்த ஒரு மணி நேரத்தில் ஃபிரிட்ஜை அடிக்கடி திறந்து மாவின் நலம் விசாரித்தார். பச்சை மாவைத் தின்னக் கூடாது. முட்டைக்கு மட்டுமன்று, வேகாத மைதாவுக்கும் அந்தத் தடை உண்டு. நலம் விசாரிப்பு விரலால் நடந்ததா என்பது குறித்து நெறியாளரிடம் அறிக்கை நிலுவையில் உள்ளது.

பின் எலுமிச்சை அளவு உருட்டி, பெரிய மணிச் சர்க்கரையில் புரட்டி, பார்ச்மென்ட் தாள் விரித்த தட்டில் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். அழுத்தித் தட்டையாக்கக் கூடாது. ஓவன் 175 டிகிரி செல்சியஸில் காய்ந்திருக்க வேண்டும்.

இயல் 6: எடுக்கும் தருணம்

இவ்வாய்வின் மையம் இதுவே. உருண்டை உள்ளே போன சில நிமிடங்களில் அடி தளர்ந்து பரவத் தொடங்கும். சர்க்கரை ஒட்டிய மேற்பரப்பு முதலில் உலர்ந்து தோலாகிறது. உள்ளே கரியமில வாயு முட்டுகிறது. இடம் போதாமல் தோல் வெடித்துப் பிளவுகள் விழுகின்றன. ஓவனின் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தால், அந்தப் பிளவுகளுக்குள் இன்னும் ஈரமாகப் பளபளப்பது தெரியும். விளிம்பு மங்கி நிலைத்திருக்கும். நடு உப்பலாக, தட்டை அசைத்தால் தானும் அசையும். ஒன்பது, பத்து நிமிடம் ஆகியிருக்கும். இந்நிலைக்கான விதி பின்வருமாறு:

‘விளிம்பு நின்று நடு நெகிழ்ந்தபோதே எடுக்க.’

இதன் உரை: விளிம்பு நிற்றலாவது, விரலால் தொட்டால் தடம் பதியாமை. நடு நெகிழ்தலாவது, பிளவினுள் ஈரம் தெரிதல். ‘நெகிழ்ந்தபின்’ என்னாது ‘நெகிழ்ந்தபோதே’ என்றது, தாமதம் விலக்குதற்கு. அற்றேல், வேகாததை எடுத்தல் குற்றம் அன்றோ எனின், அன்று. என்னை? ஓவனை விட்டு வெளியே வந்தும் தட்டின் சூடு சில நிமிடம் வேலை செய்யும் ஆகலின். வெந்ததுபோல் தோன்றுங்கால் எடுப்பின் யாதாம் எனின், தட்டிலேயே மேலும் வெந்து, ஆறியபின் ஸ்னாப் ஆம் என்க.

உரைநடையில் சொன்னால், சரியாக வந்துவிட்டது என்று கண் சொல்லும்போது காலம் கடந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம் வைக்கலாமோ என்று மனம் ஊசலாடும் அந்த நொடிதான் சரியான நொடி. இதைப் பயிற்சியால் கற்றுக்கொள்ள முடியாது என்று ஒரு சாரார் வாதிடுவர். கண்ணை நம்பாமல் இருக்கப் பழகினால் போதும் என்பது இவ்வாய்வின் நிலைப்பாடு.

இயல் 7: ஆறுதல்

தட்டு மேடைக்கு வந்ததும் உப்பியிருந்த நடு மெல்லத் தாழ்கிறது. பிளவுகள் அகன்று, சர்க்கரை மணிகளுக்கிடையே கறுத்த ஆற்றுப்படுகைகள்போல் படிகின்றன. இப்போது ஒன்றைத் தூக்கினால் நடுவில் தொங்கி, இரண்டாகக் கிழிந்து, பாதி கையிலும் பாதி தாளிலும் நிற்கும். உருகிய வெண்ணெயும் சூடான சர்க்கரைப் பாகும் இன்னும் நீர்மமாக இருப்பதே காரணம். ஐந்து நிமிடம் தட்டிலேயே விட்டால் வெண்ணெய் இறுகத் தொடங்கும், பாகு தடிக்கும், மாவின் கட்டுமானம் நிலைக்கும். பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றலாம்.

இந்த ஐந்து நிமிடத்தில் களத்தில் நிகழ்ந்தவை வருமாறு. ஆய்வு உதவியாளர் மேடையருகே முக்காலி போட்டு ஏறினார்.

“அப்பா, உடைஞ்சது எல்லாம் கணக்குல வராதுல்ல?”

வராது என்று ஆய்வாளர் பதிலளித்தார். இப்பதில் வெளியான மறுகணம் முதல் உடைசல் விகிதம் உயர்ந்தது. கணக்கில் வராதவற்றைத் தின்னலாம் என்ற விதி வகுக்கப்பட்டால் கணக்கில் வராதவை பெருகும் என்பது பொதுநிர்வாகவியலுக்கு இவ்வாய்வு தரும் உபரிக் கொடை. நெறியாளர் அலுவலகக் கூட்டத்தில் காதில் கருவியோடு இருந்தபடியே கடந்து சென்று ஒன்றை எடுத்தார். அது உடையவில்லை, ஆகவே உடைக்கப்பட்டது. ஆய்வாளரும் தரக்கட்டுப்பாட்டுக் கடமையிலிருந்து தவறவில்லை. பழமொழி மெய்ப்பிக்கப்பட்டது என்று இங்கேயே முடித்திருக்கலாம்.

இயல் 8: மறுநாள் சிக்கல்

மொலாசஸ் குக்கி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பது இதைச் சுடுபவர்களிடையே பரவலான நம்பிக்கை. கொள்கையளவில் காரணங்கள் வலுவானவை. விளிம்பில் உலர்ந்த பகுதிக்கும் நடுவில் ஈரமான பகுதிக்கும் இடையே ஓரிரவில் ஈரம் சமன்படும். மொறுமொறுப்பு தணிந்து முழுவட்டமும் ஒரே மென்மைக்கு வரும். சுக்கும் கிராம்பும் தனித்தனியே கத்துவதை நிறுத்திக் கூடிப் பேசும். மூடிய டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டுவைத்தால், ரொட்டியின் ஈரத்தைக் குக்கி இழுத்துக்கொண்டு மென்மையாகவே இருக்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ரொட்டி கல்லாகியிருக்கும். குக்கியில் உள்ள சர்க்கரையின் நீர்ப்பற்றுக்கு இதைவிட எளிய நேரடிச் சான்று இல்லை.

ஆனால் சோதித்தறிய மாதிரிகள் வேண்டும். சுட்ட மாலையே முழுத் தொகுதியும் தரவு இழப்புக்கு உள்ளாவதால், ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை டப்பாவில் ரொட்டித் துண்டு மட்டும், கல்லாகக்கூட ஆகாமல், வேலையில்லாமல் இருந்தது. மூன்றாம் கருதுகோள் இலக்கியத்தில் மட்டும் வாழும் கோட்பாடாக நின்றுவிடுமோ என்று அஞ்சப்பட்டது.

இயல் 9: வாய்மொழித் தேர்வு

இந்நிலையில்தான் புறத்தேர்வாளர் களத்துக்கு வந்தார். அன்று மாலை சுட்டு இறக்கிய தட்டை ஆய்வாளர் பணிவுடன் நீட்டினார்.

“மாப்ளே, இந்த பிஸ்கட்ல முட்டை கிட்டை இருக்கா?”

“ஒண்ணு போட்டிருக்கு அத்தை.”

“அப்ப இன்னிக்கு வேணாம். வெள்ளிக்கெழம. ரெண்டு எடுத்து அந்த எவர்சில்வர் டப்பால போட்டு மூடி வைங்க. நாளைக்குப் பாத்துக்குவோம்.”

ஆய்வு வரலாற்றில் முதல் முறையாக இரண்டு மாதிரிகள், ரொட்டித் துண்டு சகிதம், ஓரிரவைக் கடந்தன. டப்பாவைத் திறக்க முயன்ற உதவியாளரிடம் “அம்மாச்சியோடது, தொடக் கூடாது” என்று சொல்லப்பட்டது. அந்த ஒரு சொல் எந்தப் பூட்டையும்விட வலுவாக நின்றது. சனிக்கிழமை காலை, காபிக்குப் பின், முழு ஆய்வுக்குழுவின் முன்னிலையில் தேர்வு நடந்தது. தேர்வாளர் ஒன்றை எடுத்து வளைத்தார். உடையாமல் வளைந்தது. விளிம்பிலிருந்து கடிக்கத் தொடங்கி, நடுவுக்கு வந்து, நிறுத்தி, சுக்கின் வரவுக்காகக் காத்திருந்தார். வந்ததும் தலையசைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு. பஞ்சு மாதிரி இல்ல, மெதுவா இருக்கு. சுக்கு கடைசியில வருது, அது நல்லா இருக்கு.”

“நேத்தைக்கு இன்னிக்கு எப்படி அத்தை? நேத்தைவிட நல்லா இருக்குதானே?”

தேர்வாளர் ஆய்வாளரைப் பார்த்தார்.

“நேத்து நான் எங்க மாப்ளே சாப்பிட்டேன்? எப்படிச் சொல்றது? நேத்து சாப்பிட்ட நீங்க எல்லாரும் ஒண்ணு இன்னிக்கு வெச்சிருந்தா சொல்லலாம்.”

ஆய்வுமுறையியலில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் எந்தத் தேர்வாளரிடமிருந்தும் வந்திருக்க முடியாது. முதல்நாள் தின்றவர்களிடம் மறுநாள் சரக்கு இல்லை. மறுநாள் தின்றவரிடம் முதல்நாள் அனுபவம் இல்லை. ஒரே நாவில் இரண்டும் சேராதவரை ஒப்பீடு செல்லாது. டப்பாவில் எஞ்சிய இரண்டாவது மாதிரியைத் தாம் தின்று ஒப்பிடலாம் என்று ஆய்வாளர் முன்மொழிந்தார். நெறியாளரும் உதவியாளரும் அதே முன்மொழிவை அதே நேரத்தில் வைத்தார்கள். விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே தேர்வாளர் அதையும் எடுத்துக் காபியில் தோய்த்துவிட்டார்.

இயல் 10: தொகுப்புரை

முதற்கருதுகோள் நிறுவப்பட்டது. மொலாசஸ் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது என்றாலும், பிடித்துவைக்க ஈரம் மிஞ்ச வேண்டும்; அதை மிஞ்சவிடுவது ஓவனை நிறுத்துகிற கை. இரண்டாம் கருதுகோளும் நிறுவப்பட்டது. சூட்டில் பார்த்து வேகவில்லை என்றவரும் தவறினார், உடைகிறது என்றவரும் தவறினார். ஆறியபின் யாரும் தவறவில்லை, ஏனெனில் ஆறியபின் பார்க்க ஒன்றும் இல்லை. மூன்றாம் கருதுகோள் நிறுவப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை.

பழமொழியைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் முன்வைக்கப்படுகிறது. ஆறப் பொறுக்காமை மனித இயல்பு அன்று. தின்ன அனுமதி உள்ளவரின் இயல்பு. நடுக்கடலில் இருந்தவனும் பொறுத்தான், வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவரும் பொறுத்தார். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

மேலாய்வுக்கான பரிந்துரைகள்: குக்கி சுடும் நாள் வெள்ளிக்கிழமையாகவே இருக்க வேண்டும். குழுவினர் அனைவரும் சுழற்சி முறையில் விரதம் மேற்கொள்ள வேண்டும். சனிக்கிழமையும் ஒரு தட்டு சுட்டு, ஆறியதும் முந்தைய நாளுடையதோடு அருகருகே வைத்து ஒரே நாவில் சோதிக்க வேண்டும். புறத்தேர்வாளரின் விசா முடிவதற்குள் இது நடந்தாக வேண்டும் என்பதால் கால நீட்டிப்பும் கூடுதல் வெண்ணெயும் கோரி நெறியாளரிடம் முறைப்படி விண்ணப்பிக்கப்பட்டது.

விண்ணப்பம் ஒரு நிபந்தனையோடு திருப்பி அனுப்பப்பட்டுள்ளது. இழுப்பறைக் கைப்பிடியில் ஒட்டியிருக்கும் மொலாசஸை ஆய்வாளரே துடைக்க வேண்டும்.